விற்கப் போகும் வீட்டின் மரத்தரைக்கு ஸ்டெயின் நிறம்: முழுமையான வழிகாட்டி

கனடாவிலும் அமெரிக்காவிலும் வீட்டை விற்பனைக்குப் போடுவதற்கு முன் மரத்தரையைத் தேய்த்துப் புது நிறம் கொடுப்பவர்கள் நிறையப் பேர். அவர்களில் பாதிப் பேர் கடையில் நிற அட்டையைப் பார்த்து, பிடித்த சதுரத்தில் விரலை வைத்துவிட்டு வந்துவிடுகிறார்கள். நான்கு நாள் கழித்து, அட்டையில் பார்த்ததற்குச் சம்பந்தமே இல்லாத நிறத்தில் தரை கிடக்கும்.

ஸ்டெயின் என்பது மரத்துக்குள் ஊறி இறங்கும் சாயம், பெயின்ட் மாதிரி மரத்தை மூடுவதில்லை. மரத்தின் சொந்த நிறம், எவ்வளவு நைசாகச் சாண்டிங் செய்தீர்கள் (உப்புத்தாளால் தேய்த்தீர்கள்), மேலே எந்த பாலியூரித்தேன் (தரையைக் காக்கும் மேல்பூச்சு) போடுகிறீர்கள் ஆகிய மூன்றும் சேர்ந்துதான் கடைசி நிறத்தைத் தீர்மானிக்கின்றன. ஆகவே நிறத்தைத் தேர்ந்தெடுப்பது முதல் வேலை ஆகாது. இங்கே அது ஐந்தாவது படியாக வருகிறது. முந்தைய நான்கையும் தாண்டிக் குதித்தால் ஐந்தாவது தப்பாகத்தான் முடியும்.

1. தரையில் கை வைக்கலாமா என்று பாருங்கள்

தரையில் உள்ள வெப்பக்காற்று வென்ட் மூடியைத் தூக்குங்கள். பலகையின் குறுக்கு வெட்டு அங்கே அப்படியே தெரியும். மேலிருந்து கீழ்வரை ஒரே மரமாக, முக்கால் அங்குலத் தடிமனில் இருந்தால் அது சாலிட் ஹார்ட்வுட். மேலே மெல்லிய ஒரு அடுக்கும் கீழே பிளைவுட் அடுக்குகளும் தெரிந்தால் அது எஞ்ஜினியர்ட் தரை. ரேகை அச்சடித்த படம் போலவும், கீழே அழுத்திய மரத்தூள் பலகையாகவும் இருந்தால் லேமினேட். அதற்கு ஸ்டெயின் பேச்சே இல்லை.

சாலிட் தரையில் தேய்க்கக் கிடைப்பது முக்கால் அங்குலம் முழுவதும் கிடையாது. ஒரு பலகையின் நாக்கு அடுத்த பலகைக்குள் செருகியிருக்கும் இடத்துக்கு மேலே உள்ள கால் அங்குலம் சொச்சம்தான். ஆணித் தலைகள் அங்கங்கே எட்டிப் பார்த்தாலோ, பலகை விளிம்புகள் சில்லுச் சில்லாகப் பெயர்ந்தாலோ அந்தத் தரை ஏற்கெனவே பலமுறை தேய்க்கப்பட்டுவிட்டது என்று பொருள். எஞ்ஜினியர்ட் தரையில் மேலடுக்கு 2 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் டிரம் சாண்டரை (உருளையில் உப்புத்தாள் சுற்றித் தேய்க்கும் பெரிய இயந்திரம்) உள்ளே விடாதீர்கள். ஒரே ஓட்டத்தில் பிளைவுட் பல்லிளித்துவிடும்.

இப்போதுள்ள நிறம் பரவாயில்லை, மேல்பூச்சு மட்டும் மங்கிப் போயிருக்கிறது என்றால் முழுச் சாண்டிங் தேவையே இல்லை. பழைய பூச்சை லேசாகச் சுரண்டி இன்னொரு கோட் போடுவதற்கு ஒரு நாள் போதும், செலவும் சிறு பங்குதான். ஆனால் முன்பு மெழுகோ பளபளப்புத் திரவமோ தேய்த்த தரையில் புதுக் கோட் ஒட்டாது. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மூலையில் போட்டு, காய்ந்தபின் நகத்தால் சுரண்டிப் பாருங்கள்.

அமெரிக்காவில் வீட்டுத் தரகர்களின் சங்கமான நேஷனல் அசோசியேஷன் ஆஃப் ரியல்டர்ஸ் வெளியிட்ட 2022 அறிக்கையில், மரத்தரையைப் புதுப்பிக்க 3,400 டாலர் செலவென்றும், விற்பனையில் 5,000 டாலர் திரும்பக் கிடைக்கும் என்றும் மதிப்பிட்டிருந்தார்கள். இது சராசரி மதிப்பீடு, உங்கள் வீட்டுக்கான வாக்குறுதி ஆகாது. ஆனாலும் எவ்வளவு செலவழிக்கலாம் என்பதற்கு ஒரு எல்லை தருகிறது. உடைந்த பலகைகளும் கறைகளும் சேர்ந்து செலவு அதற்கு இரண்டு மடங்காகப் போனால், அந்த அறைக்கு மட்டும் வேறு வழி யோசியுங்கள்.

பழைய வீடாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. அமெரிக்காவில் 1978-க்கு முன், கனடாவில் 1960-க்கு முன் கட்டிய வீடுகளின் பெயின்ட்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். தரையிலோ பேஸ்போர்டிலோ (சுவரின் அடியில் ஓடும் பட்டைப் பலகை) பழைய பெயின்ட் இருந்தால் சோதித்துவிட்டுத்தான் தேய்க்க வேண்டும்.

2. என்ன மரம் என்று கண்டுபிடியுங்கள்

இரண்டேகால் அங்குல அகலப் பலகைகள் கொண்ட பழைய தரையா? பெரும்பாலும் ரெட் ஓக்காக இருக்கும். புதிய, அகலப் பலகைத் தரைகளில் வைட் ஓக் அதிகம். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் ஸ்டெயின் போட்டதும் வெவ்வேறு பக்கம் போய்விடும்.

அலமாரிக்குள் ஒரு அடிக்கு ஒரு அடி தேய்த்து வெறும் மரத்தை வெளியே கொண்டுவாருங்கள். பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வையுங்கள். மரத்தில் இளஞ்சிவப்புச் சாயல் தெரிந்தால் ரெட் ஓக். பழுப்போடு மெல்லிய பச்சைச் சாயல் இருந்தால் வைட் ஓக். நிறம் ஏமாற்றினால் ரேகையைப் பாருங்கள். நீளவாக்கில் ஓடும் சின்னச் சின்னக் கருங்கோடுகள் ரெட் ஓக்கில் பெரும்பாலும் அரை அங்குலத்தைத் தாண்டாது. வைட் ஓக்கில் ஒரு அங்குலம், அதற்கு மேலும் போகும்.

மேப்பிள், பிர்ச், பைன் இருந்தால் இங்கேயே நின்று யோசியுங்கள். மேப்பிளின் துளைகள் மிக நெருக்கமானவை. ஸ்டெயின் ஓரிடத்தில் இறங்கும், பக்கத்திலேயே இறங்காது, தரை முழுக்கத் திட்டுத் திட்டாகத் தேமல் விழுந்த மாதிரி ஆகிவிடும். விற்கப் போகும் வீட்டில் மேப்பிளுக்கு நிறம் கொடுக்க வேண்டாம் என்பதே எங்கள் உறுதியான கருத்து. நிறமில்லாத மேல்பூச்சு மட்டும் போடுங்கள், அந்த மரத்துக்கு அதுவே அழகு.

3. நிறத்துக்கு முன் மேல்பூச்சை முடிவு செய்யுங்கள்

புதிதாக இறங்குபவர்கள் தலைகீழாகச் செய்யும் படி இதுதான். ஆயில் பாலியூரித்தேன் தேன் நிறம் கொண்டது, நாளாக ஆக இன்னும் மஞ்சளாகும். வாட்டர் பேஸ்டு பாலியூரித்தேன் கிட்டத்தட்ட நிறமில்லாமல் காயும், அப்படியே நிற்கும். ஒரே ஸ்டெயினின் மேல் ஒன்றைப் போட்டால் ஒரு தரை, மற்றதைப் போட்டால் வேறு தரை.

சாம்பல் அல்லது வெள்ளைச் சாயல் உள்ள ஸ்டெயினின் மேல் ஆயில் பாலி போட்டால் மஞ்சள் சேர்ந்து பச்சை தட்டிவிடும். இதைச் சரிசெய்ய மறுபடி முழுவதும் தேய்ப்பதைத் தவிர வழியில்லை. வெளிர் நிறம் வேண்டுமென்றால் வாட்டர் பேஸ்டு கட்டாயம்.

விற்பனைக்கு வாட்டர் பேஸ்டுதான் தோதானது. இரண்டு, மூன்று மணி நேரத்தில் அடுத்த கோட் போடலாம், வாடையும் சீக்கிரம் போய்விடும். ஆயில் பாலிக்கு ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு நாள் காத்திருக்க வேண்டும், வாடை பல நாள் தங்கும். வீடு பார்க்க வருபவர் கதவைத் திறந்ததும் முதலில் முகர்வது அதைத்தான்.

பளபளப்பில் சாட்டின் (மிதமான மினுமினுப்பு) அல்லது மேட் (மினுமினுப்பு இல்லாதது) எடுங்கள். முழுப் பளபளப்புப் பூச்சு போட்ட தரையில் ஜன்னல் வெளிச்சம் கண்ணாடி மாதிரி அடித்து ஒவ்வொரு கீறலையும் காட்டிக்கொடுக்கும். போட்டோவிலும் தரையின் நிறம் தெரியாமல் வெள்ளைப் பட்டையாக விழும்.

4. உங்கள் கையைக் கட்டிப்போடும் விஷயங்களைக் கணக்கெடுங்கள்

வீட்டைச் சுற்றி நடந்து கறைகளைக் குறியுங்கள். கார்ப்பெட்டை எடுத்த தரையில் சுவரோரம் ஆணித்துளைகளும் கறுத்த வட்டங்களும் இருக்கும். ஓக்கில் இயல்பாகவே உள்ள டேனின் என்ற துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்ந்து கறுப்பதுதான் அந்த வட்டம். ஆக்ஸாலிக் அமிலம் அதைப் பெரும்பாலும் எடுத்துவிடும். நாய், பூனைச் சிறுநீர்க் கறை அப்படி இல்லை. அது ஆழமாக இறங்கியிருக்கும், சாண்டிங்கில் போகாது. ஒன்று, அந்தப் பலகைகளை மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் கறையை விழுங்கும் அளவுக்கு அடர்ந்த நிறத்துக்குப் போக வேண்டும். வாடையும் இருந்தால் பலகையை மாற்றுவது ஒன்றே வழி.

பலகை மாற்றும்போது அதே மரம், அதே அகலம் வாங்குங்கள். பழைய மரத்துக்குப் பக்கத்தில் புதிய மரம் நிறமில்லாத பூச்சில் பளிச்சென்று தனித்துத் தெரியும். நடுத்தரப் பழுப்பு அந்த வித்தியாசத்தை வெகுவாக மறைத்துவிடும். ஒட்டுப் போட்ட தரைக்கு வெளிர் நிறத்தை நாங்கள் பரிந்துரைக்காததற்கு இதுதான் காரணம்.

அடுத்து படிக்கட்டு. தரையை மட்டும் மாற்றிவிட்டு, ஆரஞ்சு நிறப் படிகளையும் கைப்பிடியையும் அப்படியே விட்டால் வேலை பாதியில் நின்ற மாதிரி தோன்றும். படிகளுக்குக் கூலி தனி, பெரும்பாலும் படி ஒன்றுக்கு இவ்வளவு என்று சொல்வார்கள். விலை கேட்கும்போதே அதையும் சேர்த்துக் கேளுங்கள்.

சமையலறை கேபினெட் மரநிறமாக இருந்தால் தரை அதைவிட இரண்டு படியாவது அடர்த்தியாகவோ வெளிராகவோ இருக்கட்டும். ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கும் நிறம்தான் கண்ணை உறுத்தும்.

5. மூன்று நிறமாகச் சுருக்குங்கள்

நீங்கள் வாழப் போகும் வீட்டுக்கு உங்களுக்குப் பிடித்த நிறம் சரி. விற்கப் போகும் வீட்டில் யாரும் தரையைப் பற்றிக் குறை சொல்லாமல் அடுத்த அறைக்கு நடந்து போவதே வெற்றி. ரியல்டரிடம் ஒரு வேலை கொடுங்கள்: உங்கள் தெருவிலும் பக்கத்துத் தெருக்களிலும் அண்மையில் சீக்கிரமாக விற்ற நான்கைந்து வீடுகளின் படங்களை எடுத்துத் தரச் சொல்லுங்கள். தரையை மட்டும் பாருங்கள். வாங்குபவர்கள் எதற்குப் பழகியிருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும்.

ரெட் ஓக்குக்கு: மின்வாக்ஸ், டுராசீல் என்ற இரண்டு ஸ்டெயின் பிராண்டுகளிலும் கிடைக்கும் ஸ்பெஷல் வால்நட், புரோவின்ஷியல் ஆகிய இரண்டிலிருந்து தொடங்குங்கள். இவை நடுத்தரப் பழுப்பு, ரெட் ஓக்கின் சிவப்பை அடக்கி வைக்கும். ஏர்லி அமெரிக்கனும் நல்ல நிறம்தான், ஆனால் சற்று இதமான பக்கம் சாயும், சிவப்பு கொஞ்சம் மேலே வரும். ரெட் மஹோகனி போன்ற சிவப்பு நிறங்களைத் தொடாதீர்கள். ஏற்கெனவே சிவந்த மரத்தில் அது எரிகிற மாதிரி இருக்கும்.

வைட் ஓக்குக்கு: முதலில் ஸ்டெயினே இல்லாமல் பாருங்கள். நிறமில்லாத வாட்டர் பேஸ்டு சாட்டின் மட்டும் போட்ட வைட் ஓக்கை இன்று வாங்குபவர்கள் விரும்பிக் கேட்கிறார்கள். ஒரு நாள் வேலையும் மிச்சம். வெறும் மரம் போலவே தெரிய வேண்டுமானால் துளி வெள்ளை கலந்த சீலர் (மேல்பூச்சுக்கு முன் போடும் அடிப்பூச்சு) இருக்கிறது, போனா நார்டிக்சீல் அந்த வகை. ரெட் ஓக்கில் இதைப் போட்டுவிட்டு வைட் ஓக் தோற்றத்தை எதிர்பார்க்காதீர்கள். ரோஜாப்பூ நிறத்தில்தான் வந்து நிற்கும்.

சாம்பல் நிறம் வேண்டாம். ரெட் ஓக்கில் சாம்பலுக்கு அடியிலிருந்து இளஞ்சிவப்பு எட்டிப் பார்த்து ஊதா கலந்த ஒரு நிறம் வரும். அது சரியாக வந்தாலும் சில வருடங்களுக்கு முந்தைய மோஸ்தர் என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

எபனி, ஜேக்கோபியன் போன்ற அடர்நிறங்கள் உயரமான கூரையும் பெரிய ஜன்னல்களும் உள்ள வீட்டில் கம்பீரமாக இருக்கும். வடக்குப் பார்த்த, இரண்டு பக்கமும் சுவர் ஒட்டிய குறுகலான வீட்டில் அறையே சுருங்கி அழுது வடியும். இன்னொன்று, தூசியும் தலைமுடியும் கீறலும் கறுப்பில் அப்படியே தெரியும். தினமும் ஆட்கள் வந்து பார்க்கும் வீட்டில் காலையும் மாலையும் துடைத்துக்கொண்டே இருக்க முடியுமா என்று யோசித்துக்கொள்ளுங்கள். கறையை மறைப்பதற்காக அடர்நிறம் வேண்டியிருந்தால் டார்க் வால்நட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இரண்டு நிறங்களைக் கலக்கலாம். ஒரே கம்பெனி, ஒரே வரிசை டப்பாக்களாக இருக்க வேண்டும். மாதிரிக்குக் கலக்கும்போதே அளவுக் கோப்பையால் அளந்து விகிதத்தை எழுதி வையுங்கள்.

6. நிறத்துக்கேற்ற சாண்டிங்

கிரிட் என்பது உப்புத்தாளின் சொரசொரப்பைச் சொல்லும் எண், எண் கூடக் கூட நைஸ். 36 அல்லது 40 கிரிட்டில் தொடங்கி 60, 80, கடைசியில் 100 அல்லது 120. ஒரு படியைத் தாண்டினால் முந்தைய கிரிட்டின் கோடுகள் தங்கிவிடும். வெறும் மரத்தில் அவை கண்ணுக்குத் தெரியாது, ஸ்டெயின் பட்டதும் கோடுகளுக்குள் நிறம் தேங்கிக் கருங்கீறலாக எழுந்து நிற்கும்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. "இன்னும் நைசாக்கலாம்" என்று 150, 180 வரை போனால் மரத்தின் துளைகள் அடைபட்டு ஸ்டெயின் இறங்காமல் வெளிறிப் போகும்.

சுவரோரம் எட்ஜர், நடுவில் டிரம் சாண்டர் என்று இரண்டு இயந்திரங்கள் ஓடுகின்றன. இரண்டும் வெவ்வேறு கிரிட்டில் முடிந்தால் அறையைச் சுற்றிப் படச்சட்டம் போட்ட மாதிரி ஒரு பட்டை தெரியும். கடைசியில் பஃபரை (வட்டத் தட்டு சுழலும் தேய்க்கும் இயந்திரம்) அறை முழுக்க, சுவரோரம் வரை ஓட்டினால் அது கரைந்துவிடும்.

7. மாதிரியைத் தரையிலேயே போடுங்கள்

முழு வழிகாட்டியில் ஒரே ஒரு படிக்குத்தான் உங்களுக்குப் பொறுமை இருக்கிறதென்றால் அதை இங்கே செலவழியுங்கள்.

நிறம் ஒன்றுக்கு இரண்டடிக்கு இரண்டடி. இரண்டேகால் அங்குலத் தரையில் அந்த அகலத்துக்குள் பத்துப் பலகைகள் வந்துவிடும். ஒரே தரையில் பக்கத்துப் பக்கத்துப் பலகைகளே வெவ்வேறு அளவு நிறம் குடிக்கும் என்பதால் ஒன்றிரண்டு பலகையில் பார்த்து முடிவெடுக்க முடியாது. மூன்று நிறத்தையும் ஜன்னலருகே ஒரு முறை, வெளிச்சம் குறைந்த மூலையில் ஒரு முறை போடுங்கள். ஒன்றோடொன்று ஒட்டாமல் நடுவில் வெறும் மரம் இருக்கட்டும். ஒட்டியிருந்தால் ஒரு நிறம் பக்கத்து நிறத்தைப் பற்றிக் கண்ணை ஏமாற்றும்.

கடைசி கிரிட் முடிந்த தரையில்தான் மாதிரி போட வேண்டும். 80 கிரிட்டில் மாதிரி பார்த்துவிட்டு 120-இல் முடித்தால் உண்மையான தரை வெளிராக வரும். தரைக்குத் தண்ணீர் காட்டி ரேகையை எழுப்பப் போகிறீர்கள் என்றால், அதாவது ஈரத் துணியால் சீராக நனைத்துக் காயவிட்டு அதன்பின் ஸ்டெயின் போடப் போகிறீர்கள் என்றால், மாதிரிக்கும் அதையே செய்யுங்கள். தண்ணீர் காட்டிய மரம் நன்றாகவே கூடுதல் நிறம் குடிக்கும்.

காய்ந்ததும் ஒவ்வொரு மாதிரியின் பாதியிலும் நீங்கள் போடப் போகும் அதே மேல்பூச்சைப் போடுங்கள். மேல்பூச்சு இல்லாத மாதிரி சுண்ணாம்பு பூத்த மாதிரி மங்கலாகத்தான் இருக்கும், அதைப் பார்த்து முடிவு செய்து ஏமாந்தவர்கள் ஏராளம்.

பிறகு காலை, மதியம், விளக்கு போட்ட இரவு என மூன்று வேளையும் பாருங்கள், நின்றுகொண்டு பாருங்கள். போனில் படமும் எடுங்கள், ஏனென்றால் வாங்குபவர் உங்கள் தரையை முதலில் பார்க்கப் போவது திரையில்தான். பேஸ்போர்ட் துண்டு ஒன்றையும் சுவர்ப் பெயின்ட் அடித்த அட்டை ஒன்றையும் மாதிரிப் பக்கத்தில் வையுங்கள். இரண்டு நிறங்களுக்கு இடையில் தடுமாறினால் வெளிரானதை எடுங்கள். இரண்டடியில் பார்த்த நிறம் முழு அறையில் பரவும்போது இன்னும் அடர்த்தியாகத் தோன்றும்.

முடிவானதும் மாதிரி போட்ட இடங்களைத் தேய்த்து எடுத்து, அதே கடைசி கிரிட்டுக்குக் கொண்டுவர வேண்டும். சிறிது மிச்சம் விட்டாலும் அந்தச் சதுரம் கடைசித் தரையில் நிழலாகத் தெரியும்.

8. பூசுதல்

அளவு: ஒரு கேலன் ஸ்டெயின் சுமார் 500 சதுர அடிக்கு வரும், பாலியூரித்தேனும் கோட்டுக்கு ஏறக்குறைய அதே கணக்கு. 800 சதுர அடித் தரைக்கு ஸ்டெயின் 2 கேலன், மூன்று கோட்டுக்குப் பாலி 5 கேலன். எல்லா ஸ்டெயின் டப்பாக்களையும் ஒரே வாளியில் ஊற்றிக் கலந்துவிட்டுத் தொடங்குங்கள். டப்பாவுக்கு டப்பா சிறு வித்தியாசம் இருக்கும், நடு அறையில் டப்பா மாறினால் அது தெரியும்.

இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பூச, மற்றவர் பின்னாலேயே துடைத்துக்கொண்டு வர வேண்டும். ரேகையோடு, பலகையின் முழு நீளத்துக்கும் போங்கள். நடுப்பலகையில் நிறுத்தினால் காய்ந்த விளிம்பின் மேல் மறுபடி ஸ்டெயின் ஏறி இரட்டைக் கோடு விழும். கதவை நோக்கிப் பின்வாங்கியபடி முடியுங்கள்.

துடைத்த பிறகும் ஓக்கின் துளைகளிலிருந்து ஸ்டெயின் சொட்டுச் சொட்டாக மேலே கசியும். அரை மணி நேரம் கழித்துத் திரும்பி வந்து இன்னொரு முறை துடையுங்கள். இன்னும் அடர்த்தி வேண்டுமென்று துடைக்காமல் விட்டால் மேலே போடும் பாலி ஒட்டாமல் உரியும்.

அடுத்த நாள் வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். நிறம் ஒட்டினால் காயவில்லை, காத்திருங்கள். முதல் கோட் பாலிக்கும் ஸ்டெயினுக்கும் இடையில் சாண்டிங் கூடாது, நிறம் பிய்ந்துவிடும். இரண்டாவது கோட்டுக்கு முன்தான் லேசாகத் தேய்க்க வேண்டும், அதிலும் விளிம்புகளில் கை அழுத்தமில்லாமல்.

ஆயில் ஸ்டெயின் துடைத்த துணிகளைச் சுருட்டிக் குவிக்காதீர்கள். அவை தானாகச் சூடேறித் தீப்பற்றும். வெளியே ஒவ்வொன்றாக விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் நிரப்பிய மூடியுள்ள உலோக டப்பாவில் போடுங்கள். சாண்டிங் தூள் பையையும் இரவு வீட்டுக்குள்ளோ கராஜுக்குள்ளோ வைக்கக் கூடாது. கேஸ் அடுப்பு, ஹீட்டர் பைலட் தீயை வேலை தொடங்குமுன் அணையுங்கள்.

9. போட்டோ நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

சாண்டிங்குக்கும் மாதிரிக்கும் 3 நாள், ஸ்டெயினுக்கும் அது காய்வதற்கும் 2 நாள், வாட்டர் பேஸ்டு மூன்று கோட்டுக்கு 2 நாள், மரச்சாமான் உள்ளே வருவதற்கு முன் இன்னும் 2, 3 நாள். பத்து நாள் ஆகிவிட்டது. ஏதாவது ஒரு படி தவறினால் திரும்பச் செய்யவும் நேரம் வேண்டும் என்பதால் போட்டோ எடுப்பதற்கு மூன்று வாரம் முன்பே தொடங்குங்கள். சுவர்ப் பெயின்ட்டை இதற்கு முன் முடித்து, கடைசித் தொடுதலை மட்டும் தரைக்குப் பின் வைத்துக்கொள்ளுங்கள்.

கம்பளங்கள் மட்டும் பொறுத்துத்தான் வர வேண்டும். வாட்டர் பேஸ்டுக்கு ஒரு வாரம், ஆயில் பாலிக்கு ஒரு மாதம். அதற்கு முன் விரித்தால் அடியில் பூச்சு இறுகாமல் தடம் விழும். விற்பனைக்காக வீட்டை அலங்கரிக்கும் ஸ்டேஜிங் கம்பெனிக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், நாற்காலிக் கால்களுக்கு ஃபெல்ட் ஒட்டிக்கொண்டு வரச் சொல்லுங்கள்.

படம் எடுக்கும் நாளில் ஒரு அறைக்குள் எல்லா பல்புகளும் ஒரே நிறமாக இருக்கட்டும். ஒன்று 2700 கெல்வின், இன்னொன்று 4000 கெல்வின் என்று கலந்திருந்தால் நீங்கள் அவ்வளவு பாடுபட்டுத் தேர்ந்த நிறம் ஒரு மூலையில் மஞ்சளாகவும் மறு மூலையில் நீலமாகவும் விழும்.

மிச்சமிருக்கும் ஸ்டெயினை ஒரு சிறிய டப்பாவில் ஊற்றி மூடி, நிறத்தின் பெயர், கலந்த விகிதம், மேல்பூச்சின் பெயர், பூசிய தேதி எல்லாவற்றையும் அதன்மேல் எழுதி ஒரு அலமாரியில் வையுங்கள். வீட்டை வாங்கியவர் என்றாவது ஒரு பலகையை மாற்ற நேர்ந்தால் முதலில் தேடுவது அந்த டப்பாவைத்தான்.